முறைசாரா வழியில் கற்ற நிகழ்த்துகலைத் திறன்களுக்கு ஏற்பு வழங்குதல்: முழுமையான வழிகாட்டி

பாட்டு, ஆட்டம், தாளக்கருவி, நடிப்பு, கதைசொல்லல், ராப், சர்க்கஸ் வித்தை போன்றவற்றை எந்தக் கல்வி நிறுவனத்திலும் சேராமல், வீட்டுப் பெரியவர்களிடமும் நண்பர் குழுக்களிலும் வழிபாட்டு இடங்களிலும் இணையக் காணொளிகளிலும் கற்றுத் தேர்ந்த இளைஞர்களுக்கு, அந்தத் திறனைப் பிறர் நம்பும்படி எடுத்துக்காட்ட ஓர் ஆவணம் தேவைப்படுகிறது. அதை உருவாக்கித் தரும் பொறுப்பில் உள்ள இளைஞர் பணியாளர்கள், அரங்கக் குழுப் பொறுப்பாளர்கள், பயிற்சி மையத்தினர் ஆகியோருக்காக இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. வெவ்வேறு பண்பாடுகளிலிருந்து வந்த கலைஞர்கள் ஒரே குழுவில் இருக்கும்போது எழும் சிக்கல்களுக்கு இதில் கூடுதல் இடம் தரப்பட்டுள்ளது.

ஐரோப்பிய ஒன்றிய மன்றம் 2012 டிசம்பரில் வெளியிட்ட பரிந்துரை, இப்பணியைக் கண்டறிதல், ஆவணப்படுத்தல், மதிப்பிடுதல், சான்றளித்தல் என நான்கு கட்டங்களாகப் பிரிக்கிறது. புதிதாக இப்பணிக்கு வருவோர் பெரும்பாலும் மூன்றாம் கட்டத்திலிருந்து தொடங்கிவிடுகிறார்கள். மதிப்பெண் பட்டியல் ஒன்றைத் தயாரித்து வைத்துக்கொண்டு இளைஞரை ஆடவோ பாடவோ சொல்கிறார்கள். அந்தப் பட்டியலில் இடம்பெறாத திறன் எதுவும் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. திறனை முதலில் அந்தக் கலையின் சொந்தச் சொற்களில் விவரித்து முடித்த பிறகே எந்த அளவுகோலோடும் ஒப்பிட வேண்டும் என்பதே கீழே தரப்பட்டுள்ள வரிசைக்கு அடிப்படை. மொத்த நேரத்தில் பாதிக்கு மேல் முதலிரு கட்டங்களுக்கே செலவாகும் என்று எதிர்பார்த்துத் திட்டமிடுங்கள்.

1. ஆவணம் யார் கைக்குப் போகப்போகிறது என்று முடிவு செய்தல்

ஏற்பு எதற்காக என்பது தெளிவாகாமல் எதையும் தொடங்கக் கூடாது, ஏனெனில் நோக்கம் மாறினால் தேவைப்படும் சான்றும் கண்டிப்பும் மாறும். இளைஞர் தன் திறனைத் தானே அறிந்துகொள்வதற்காக மட்டும் என்றால், வழிகாட்டப்பட்ட தன்மதிப்பீடும் ஒரு நல்ல உரையாடலும் போதும். ஐரோப்பிய இளைஞர் திட்டங்களில் வழங்கப்படும் யூத்பாஸ் அந்த வகையைச் சேர்ந்தது; கற்றவர் தன் கற்றலைத் தானே சிந்தித்து விவரிப்பதன் மீது அது நிற்கிறது, தொழில் தகுதிச் சான்றாக அது தன்னை முன்வைப்பதில்லை. ஒரு படிப்பில் நேரடிச் சேர்க்கை, பாடவிலக்கு, பயிற்றுநர் பணி, நிதிநல்கை ஆகியவற்றில் ஒன்று இலக்கு என்றால், முடிவெடுக்கும் நிறுவனத்தின் விதிகளுக்குப் பொருந்தும் மதிப்பீடு தேவை.

ஆகவே முதல் வேலை, ஆவணத்தைப் படிக்கப்போகிறவரைத் தேடிப்போய்க் கேட்பது. எந்த வகைச் சான்றை அவர் ஏற்பார், யார் கையெழுத்திட்டால் நம்புவார், காணொளியைப் பார்க்க அவருக்கு நேரம் இருக்குமா என்பவற்றைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அழகான சான்றிதழை அச்சிட்டுவிட்டு அதை ஏற்பவரைத் தேடி அலைவது இத்துறையில் மிகப் பரவலான வீண்வேலை.

இளைஞருக்கே இலக்கு தெளிவாக இல்லாவிட்டால் அதில் தவறில்லை. அப்போது தன்னறிதல் என்ற நோக்கத்தோடு தொடங்கி, நான்காம் படி முடிந்தபின் இலக்கைப் பற்றி மறுபடி பேசலாம். ஆனால் சேர்க்கைக்கு உதவும் என்ற நம்பிக்கையை ஊட்டிவிட்டுத் தன்மதிப்பீட்டுத் தாளைக் கையில் கொடுப்பது நேர்மையாகாது.

2. ஆட்கள், மொழி, இடம்

மூன்று பொறுப்புகளுக்கு மூன்று பேர் தேவை. முதலாமவர் துணைநிற்பவர்: இளைஞரோடு பேசி, அவர் திறனைச் சொல்லிலும் சான்றிலும் திரட்ட உதவுபவர். இரண்டாமவர் மதிப்பீட்டாளர். மூன்றாமவர் கலையறிந்தவர்: அந்தக் கலைக்குள்ளேயே வளர்ந்து, அதில் எது நல்லது, எது சுமாரானது என்று அறிந்தவர். துணைநிற்பவரும் மதிப்பீட்டாளரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. தன் தயக்கங்களையும் அரைகுறையாகத் தெரிந்தவற்றையும் மனம்விட்டுச் சொன்ன இளைஞர், அதைக் கேட்டவரே நாளை மதிப்பெண் போடுவார் என்று தெரிந்தால் அடுத்த முறை வாய் திறக்க மாட்டார். ஆள் பற்றாக்குறையால் இரண்டை இணைத்தே ஆக வேண்டும் என்றால், மதிப்பீட்டாளரையும் கலையறிந்தவரையும் இணைப்பதே குறைந்த தீங்கு.

கலையறிந்தவர் இளைஞரின் குருவாகவோ உறவினராகவோ இருக்கலாகாது. குரு சாட்சியம் சொல்லலாம், அதற்கு ஆறாம் படியில் இடம் உண்டு. கலையறிந்தவரின் உழைப்புக்கு ஊதியம் கொடுங்கள். பட்டம் பெற்ற மதிப்பீட்டாளருக்குப் பணமும், பரம்பரைக் கலைஞருக்குப் பொன்னாடையும் என்று பிரித்தால், எந்த அறிவு எண்ணப்படுகிறது என்பதை இளைஞர் அங்கேயே புரிந்துகொள்வார்.

இளைஞர் எந்த மொழியில் தடையின்றிப் பேசுவாரோ அந்த மொழியில் உரையாடல் நடக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால் குடும்பத்தினரைப் பயன்படுத்தாதீர்கள், ஏனெனில் வீட்டுக்குத் தெரியாமல் ஆடுபவர்களும் பாடுபவர்களும் பலர். வேற்று நாட்டிலிருந்து வந்தோரின் திறன்களைப் பதிவுசெய்ய ஐரோப்பிய ஆணையம் 2017-இல் இணையத்தில் வெளியிட்ட கருவி, கேள்விகளை இரு மொழிகளில் ஒரே திரையில் காட்டும் வசதி கொண்டது. அந்த அமைப்பை உங்கள் படிவங்களுக்கும் பின்பற்றலாம்.

இடத்தைக் கலை தீர்மானிக்கட்டும். பிரேக்கிங் என்னும் ஹிப்-ஹாப் தெருநடனம் ஆடுவோருக்கு வழுவழுப்பான, வெடிப்பில்லாத தரை வேண்டும். தோற்கருவி வாசிப்போருக்கு அக்கம்பக்கத்தார் புகார் சொல்லாத அறை வேண்டும். கான்கிரீட் தரையில் குதிக்கச் சொல்லிவிட்டு, தயங்கியதற்கு மதிப்பெண்ணைக் குறைத்த கூத்தும் நடப்பதுண்டு.

3. ஒப்புதலைத் தனித்தனியாகப் பெறுதல்

ஒரே கையெழுத்தில் எல்லாவற்றுக்கும் ஒப்புதல் வாங்க வேண்டாம். கலந்துகொள்ள, காணொளி எடுக்க, அதை மதிப்பீட்டாளருக்குக் காட்ட, பொதுவில் வெளியிட என்று நான்கையும் பிரித்துக் கேளுங்கள். முதல் மூன்றுக்குச் சம்மதித்து நான்காவதை மறுக்க இளைஞருக்கு உரிமை உண்டு. சட்டப்படி வயது வராதவர் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் கையொப்பம் வேண்டும், கூடவே இளைஞரின் சம்மதமும் வேண்டும். அவர் தரும் பழைய காணொளிகளில் வேறு ஆட்களும் இருப்பார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

அதன்பின், காட்டக் கூடாதது ஏதேனும் உண்டா என்று கேட்க வேண்டும். சில பாடல்களைச் சடங்குக்கு வெளியே பாடக் கூடாது. சில ஆட்டங்களைக் குருவின் அனுமதியின்றிப் பிறர் முன் ஆடக் கூடாது. சில கருவிகளை இன்னார்தான் தொடலாம் என்ற கட்டுப்பாடு இருக்கும். இதை முன்கூட்டிக் கேட்காவிட்டால், மதிப்பீட்டு நாளில் இளைஞர் காரணம் சொல்லாமல் மறுப்பார், அது திறமைக் குறைவாகப் பதிவாகும். மறுப்பதற்கான காரணத்தை விளக்கும்படி வற்புறுத்தாமல், அதே திறனைக் காட்டும் வேறொன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் போதும். நாடு விட்டு வந்த கதையைக் கேட்பதும் இந்த வேலைக்குத் தேவையற்றது.

4. கண்டறியும் உரையாடல்

இந்தப் படியில் அவசரப்பட்டால் பின்னால் வரும் எல்லாம் ஆட்டம் காணும். “உங்களுக்கு என்னவெல்லாம் தெரியும்?” என்று தொடங்காதீர்கள். பார்த்துப் பார்த்துக் கற்றவர்களுக்குத் தாம் கற்றோம் என்ற நினைப்பே பெரும்பாலும் இருக்காது. “சும்மா வாசிப்பேன்”, “வீட்டில் எல்லோரும் பாடுவோம்” என்ற அளவில் பதில் நின்றுவிடும். நீங்களும் அதையே எழுதிக்கொள்வீர்கள்.

அண்மையில் அவர் பங்கெடுத்த ஒரே ஒரு நிகழ்வை எடுத்துக்கொண்டு, அதன் தொடக்கம் முதல் முடிவு வரை நடந்ததைச் சொல்லச் சொல்லுங்கள். யார் அழைத்தார்கள், முன்னதாக என்ன தயாரிப்பு நடந்தது, உடன் யார் இருந்தார்கள், எது திட்டப்படி நடக்கவில்லை, அப்போது என்ன செய்தார், இன்னொருவர் அங்கே இருந்திருந்தால் வேறு என்ன செய்திருப்பார் என்ற கேள்விகள் போதும். திட்டம் தவறிய இடமே மிகுந்த பயன் தரும், ஏனெனில் பழக்கத்தால் செய்வதும் தெரிந்து செய்வதும் அங்கேதான் பிரிகின்றன.

ஓர் எடுத்துக்காட்டைக் கிட்டத்தில் பார்ப்போம். ஜெம்பே என்னும் மேற்கு ஆப்பிரிக்கத் தோற்கருவியை வாசிக்கும் ஓர் இளைஞர், “குடும்ப விழாக்களில் வாசிப்பேன்” என்கிறார். கடைசி விழாவைப் பற்றிக் கேட்டால், ஆடுபவர் களைத்ததும் தான் வாசிப்பை மாற்றியதாகச் சொல்கிறார். களைப்பு எப்படித் தெரிந்தது என்று கேட்டால், குதிகால் தரையில் படத் தொடங்கியது என்கிறார். எப்படி மாற்றினீர்கள் என்று கேட்டால், தலைமைக் கருவி கொடுக்கும் அழைப்பு அடியை மேசையின் மேல் தட்டிக் காட்டுகிறார். அந்த அடி விழுந்ததும் மற்றக் கருவிகளும் ஆடுபவரும் அடுத்த பகுதிக்கு மாறுவார்கள் அல்லது ஒன்றாக நிறுத்துவார்கள். அன்று ஈரக்காற்றில் தோல் தளர்ந்ததால் இடைவேளையில் கயிற்றை இறுக்கிச் சுதியைச் சரிசெய்ததும், பெரிய கருவியில் இருந்த சிறுவன் தடுமாறியபோது அவன் கண்ணில் படும்படி நகர்ந்து நின்றுகொண்டதும் அதன்பின் தானாக வருகின்றன. “குடும்ப விழாக்களில் வாசிப்பேன்” என்ற ஒரு வரிக்குள் குழுவை வழிநடத்தல், ஆட்டத்தைப் படித்தல், கருவியைப் பேணுதல், இளையவரைத் தாங்குதல் என்று நான்கு திறன்கள் இருந்திருக்கின்றன. மேசையைத் தட்டியபோது அவர் சொன்னதைவிட அதிகம் தெரிந்தது என்பதையும் கவனியுங்கள். எனவே உரையாடும் இடத்தில் கருவியும் நின்று ஆடச் சிறிது இடமும் இருக்கட்டும்.

வட்டமாகக் கூடி நின்று ஒருவர் பின் ஒருவராக ஆடும் பிரேக்கிங் கலைஞரிடம், எப்போது உள்ளே நுழைவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். இசையின் எந்த இடத்துக்காகக் காத்திருப்பார், முன்னால் ஆடியவருக்கு எப்படி மறுமொழி சொல்வார், அதே அசைவைத் திரும்பச் செய்தால் என்ன பெயர் கிடைக்கும் என்று அவர் பேசத் தொடங்கினால், எழுதப்படாத ஒரு முழு ஒழுங்குமுறை வெளிவரும்.

இங்கே நிகழும் பிழைகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். துணைநிற்பவர் தமக்குத் தெரிந்த கலையின் பெயர்களை இளைஞரின் வாயில் வைப்பது ஒன்று, “அப்படியென்றால் அது இம்ப்ரொவைசேஷன் (அந்த நேரத்தில் தாமே புனைந்து நிகழ்த்துதல்)தானே?” என்று கேட்டால் மரியாதைக்காகவாவது அவர் ஆம் என்பார். அவர் சொன்ன சொல்லையே எழுதுங்கள். மற்றொன்று, ஒரே அமர்வில் முடிக்க முயல்வது. முதல் சந்திப்பில் பேசியதை அசைபோட்டபின் அடுத்த சந்திப்பில் “இதையும் சொல்ல மறந்துவிட்டேன்” என்று வருவதே பல நேரம் முக்கியமானதாக இருக்கும்.

5. திறன் வாக்கியங்களை எழுதுதல்

உரையாடலில் கிடைத்ததை வாக்கியங்களாக்குங்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் எந்தச் சூழலில், என்ன செய்கிறார், எவ்வளவு தன் பொறுப்பில் செய்கிறார் என்ற மூன்றும் இருக்க வேண்டும். இந்த மூன்றாவது பகுதியைப் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். வெவ்வேறு நாடுகளின் கல்வி, பயிற்சித் தகுதிகளை ஒப்பிட உதவும், 8 நிலைகளைக் கொண்ட ஐரோப்பியத் தகுதிச் சட்டகம் அறிவு, திறன் ஆகியவற்றோடு பொறுப்பையும் தன்னாட்சியையும் சேர்த்தே நிலைகளை வகுக்கிறது. வேறு தேசியச் சட்டகங்களிலும் ஒருவர் மேற்பார்வையில் செய்கிறாரா, தாமே முடிவெடுக்கிறாரா என்பது நிலையைத் தீர்மானிக்கும் காரணிகளில் ஒன்று. அதை எழுதாவிட்டால், குழுவையே நடத்துபவரும் கடைசி வரிசையில் ஆடுபவரும் தாளில் ஒன்றாகிவிடுவார்கள்.

“தாளக்கருவி நன்றாக வாசிப்பார்” என்பது பயனற்ற வாக்கியம். “நேரடி நிகழ்வில் நான்கு பேர் கொண்ட தாளக்குழுவுக்குத் தலைமை ஏற்று, ஆடுபவரின் உடல்நிலையைக் கவனித்து, பகுதி மாற்றத்தையும் நிறுத்தத்தையும் அழைப்பு அடியால் தாமே முடிவு செய்து அறிவிக்கிறார்” என்பது மதிப்பிடத்தக்க வாக்கியம். உண்மையா இல்லையா என்று ஒருவர் நேரில் பார்த்துச் சொல்ல முடியும். அழைப்பு அடிக்கு அவர் மரபில் தனிப்பெயர் இருந்தால் அதையே எழுதி, பக்கத்தில் ஒரு வரி விளக்கம் தரலாம்.

எழுதி முடித்தபின் இளைஞரிடம் வாசித்துக் காட்டுங்கள். மிகைப்படுத்தல் இருந்தால் அவரே கூச்சத்தோடு குறைப்பார், விடுபட்டதைச் சேர்ப்பார். ஐரோப்பிய ஆணையத்தின் எஸ்கோ போன்ற தொழில்திறன் பட்டியல்களில் பொருத்தமான தலைப்பைத் தேடுவது இதற்குப் பிறகுதான். பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு வாக்கியம் எழுதினால், பட்டியலில் உள்ளது மட்டுமே மிஞ்சும்.

கலைத்திறனை எல்லாம் குழுப்பணி, தன்னம்பிக்கை, தகவல்தொடர்பு என்று பொதுத் திறன்களாக மாற்றிவிடும் பழக்கம் இத்துறையில் வேரூன்றிவிட்டது. அவை உண்மையாக இருக்கலாம், வேறு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது உதவலாம். ஆனால் பத்தாண்டு பாடிப் பழகியவர் கையில் “குழுவாக இயங்குவார்” என்ற தாளை மட்டும் கொடுத்து அனுப்புவது, அவரைப் பாடகராக நாம் ஏற்கவில்லை என்று சொல்வதுதான். கலைசார்ந்த வாக்கியங்கள் முதலில் வரட்டும். பொதுத் திறன்கள் இரண்டு மூன்றோடு நிற்கட்டும்.

6. சான்று திரட்டுதல்

ஒவ்வொரு திறன் வாக்கியத்துக்கும் எதிரே அதை எது காட்டுகிறது என்று எழுதுங்கள். சான்றைச் சோதிக்க ஆஸ்திரேலியத் தொழிற்பயிற்சி முறையில் வழங்கும் நான்கு விதிகள் எங்கும் பொருந்தக் கூடியவை: வாக்கியத்தில் உள்ள திறனையே அது காட்டுகிறதா, போதுமான அளவு இருக்கிறதா, அவருடையதுதானா, இன்றைய நிலையைச் சொல்கிறதா.

காணொளிக்குச் சில நிபந்தனைகள் உண்டு. வெட்டி ஒட்டாத, தொடக்கம் முதல் முடிவு வரை ஓடும் ஒரு பதிவாவது இருக்க வேண்டும். அழகாகத் தொகுத்த இரண்டு நிமிடத் துண்டு, தொகுத்தவரின் திறமையையே காட்டும். ஆட்டம் என்றால் பாதங்கள் தெரிய வேண்டும். பாட்டு, கருவி என்றால் பின்னர் சேர்த்த ஒலி இருக்கக் கூடாது. குழுப் பதிவு என்றால் எந்த நிமிடத்தில், எந்த உடையில், எங்கே நிற்பவர் இவர் என்று குறிப்பிடுங்கள், இல்லாவிட்டால் மதிப்பீட்டாளர் கவர்ச்சியாக ஆடும் வேறொருவரைப் பார்த்து மதிப்பெண் போட்டுவிடுவார்.

குருவிடமோ குழுத் தலைவரிடமோ சாட்சியம் வாங்கும்போது பொதுவான நற்சான்றுக் கடிதம் கேட்காதீர்கள். எவ்வளவு காலமாகத் தெரியும், எந்தப் பொறுப்பை அவரிடம் நம்பி ஒப்படைத்தீர்கள், இன்னும் எதில் தேற வேண்டும் என்று மூன்று கேள்விகளுக்குப் பதில் கேளுங்கள். எழுதப் பழகாதவர் என்றால் குரல்பதிவாக வாங்கலாம். நிகழ்ச்சிக்கு அழைத்த குறுஞ்செய்தி, தம் கையால் எழுதிய தாளக்குறிப்பு, பயிற்சியின்போது எடுத்த குரல்பதிவு, தாமே தைத்த ஆட்ட உடை எல்லாம் சான்றுகளே. சமூக ஊடகத்தில் பின்தொடர்வோர் எண்ணிக்கை சான்றாகாது.

இடம்பெயர்ந்தவர்களிடம் பழைய பதிவுகள் எதுவுமே இல்லாமல் இருக்கலாம். அதைக் குறையாக எண்ணக் கூடாது. நேரடி நிகழ்த்தலும் துறைசார் உரையாடலும் சேர்ந்தால் நான்கு விதிகளும் நிறைவேறிவிடும். காகிதம் இல்லாதவரிடம் காகிதம் கேட்டுக்கொண்டிருந்தால், இந்த நடைமுறை யாருக்காக வந்ததோ அவர்களே வாசலில் நின்றுவிடுவார்கள்.

7. அளவுகோலை வகுத்தல்

இப்போதுதான் அளவுகோல். மதிப்பீட்டாளரும் கலையறிந்தவரும் சேர்ந்து உட்கார்ந்து எழுத வேண்டும். ஐந்து முதல் ஏழு கூறுகள் போதும்; அதற்கு மேல் போனால் பார்ப்பவர் தாளையே பார்த்துக்கொண்டிருப்பார். பாதி கூறுகள் எல்லாக் கலைகளுக்கும் பொதுவாக இருக்கலாம்: காலக்கட்டுப்பாடு, உடன் நிகழ்த்துவோருக்குச் செவிகொடுத்தல், பார்வையாளரோடு உறவு, உடற்பாதுகாப்பு போன்றவை. மீதியைக் கலையறிந்தவர் அந்தக் கலைக்கென்று சொல்ல வேண்டும்.

பொதுக் கூறுகள் என்று நாம் நினைப்பவற்றில் ஒரே ஒரு மரபின் விதிகள் ஒளிந்திருக்கும். பார்வையாளரை நோக்கி நிற்றல், இசைக்குறியீட்டைப் படித்தல், எழுதிய பிரதியை மாற்றாமல் பேசுதல், உடலை நிமிர்த்தி வைத்தல் ஆகியவை அப்படிப்பட்டவை. கப்போயிரா என்னும் பிரேசில் நாட்டுத் தற்காப்பு ஆட்டத்தின் வட்டத்தில் ஆடுபவர் எதிராளியைப் பார்ப்பார், பெரிம்பாவ் என்னும் வில் வடிவ ஒற்றைத் தந்திக் கருவி ஆட்டத்தின் வேகத்தையும் தன்மையையும் வகுக்கும். பார்வையாளரை நோக்கவில்லை என்று அவருக்கு மதிப்பெண் குறைப்பது அறியாமை. ஒவ்வொரு கூறையும் எடுத்துக்கொண்டு, முதல் படியில் முடிவு செய்த இலக்குக்கு இது உண்மையில் தேவையா என்று கேளுங்கள். இசைக்குழுவில் குறியீட்டைப் பார்த்து வாசிக்கும் இடம் இலக்கு என்றால் அது தேவை. பயிலரங்கு நடத்தும் பணி இலக்கு என்றால் தேவையில்லை.

அளவுகோலை இளைஞரிடம் காட்டுவதற்கு முன் ஒரு வெள்ளோட்டம் பாருங்கள். இந்தக் குழுவுக்குத் தொடர்பில்லாத இரண்டு பதிவுகளை இரு மதிப்பீட்டாளர்கள் தனித்தனியே மதிப்பிடட்டும். முடிவுகள் வெகுவாக விலகினால், பெரும்பாலும் கூறு எழுதப்பட்ட விதத்தில்தான் கோளாறு இருக்கும். “மேடை ஆளுமை” போன்ற மங்கலான சொற்களை உடைத்து எழுதுங்கள். அதன்பின் அளவுகோலை இளைஞருக்கு முன்கூட்டியே, அவர் மொழியில் கொடுத்துவிடுங்கள்.

8. மதிப்பீட்டு நாள்

வரிசையை மாற்றாதீர்கள். முதலில் உடலையும் குரலையும் தயார்செய்ய நேரம். அடுத்து அவரே தேர்ந்தெடுத்த ஒன்று. பழகியதில் தொடங்கும்போது பதற்றம் தணியும், அவர் தம் கலையில் எதைச் சிறந்ததாகக் கருதுகிறார் என்பதும் தெரியும். மூன்றாவதாகப் பிறரோடு சேர்ந்து நிகழ்த்துதல். நான்காவதாக முன்பின் அறியாத ஒரு சிறு பணி: தெரியாத தாளத்தோடு சேர்தல், கொடுத்த சொற்றொடரைத் தம் பாணியில் பாடுதல் போல. கடைசியில் உரையாடல். அறியாத பணியை முதலில் வைத்தால், அதில் விழுந்தவர் மீதி நேரம் முழுக்க எழுந்திருக்க மாட்டார்.

பிறரோடு சேர்ந்தே உயிர்பெறும் கலைகளைத் தனியாளாக நிறுத்தி மதிப்பிட முடியாது. அழைப்பும் மறுமொழியுமாக நடக்கும் பாட்டுக்கு மறுமொழி சொல்வோர் வேண்டும்; வட்ட ஆட்டத்துக்கு வட்டம் வேண்டும். இரண்டு மூன்று துணைக்கலைஞர்களை அழைத்து வருவதற்கான செலவைத் திட்டத்தில் முதலிலேயே ஒதுக்குங்கள். ஒலிப்பெட்டியிலிருந்து வரும் பதிவுக்கு ஆடச் சொன்னால், இசைப்பவரோடு பேசிக்கொண்டே ஆடும் திறன் வெளிப்படாது.

பார்க்கும்போது தீர்ப்பை எழுதாமல் கண்டதை எழுதுங்கள். “சிறப்பு” என்று எழுதினால் பிறகு எதைப் பார்த்து எழுதினோம் என்று நமக்கே தெரியாது. “வேகம் கூடியபோது இரண்டாம் கருவியைத் திரும்பிப் பார்த்து, கண்ணசைவில் நிதானப்படுத்தினார்” என்று எழுதினால் அதைக் கொண்டு பின்னர் வாதிடலாம். மதிப்பீட்டாளர்கள் தத்தம் மதிப்பெண்ணைத் தனியே எழுதி முடித்த பிறகே ஒருவரோடு ஒருவர் பேச வேண்டும், இல்லையேல் மூத்தவரின் கருத்தே எல்லோருடைய கருத்தாகிவிடும்.

பண்பாட்டு வேறுபாடு இரு திசைகளில் தீர்ப்பைக் கோணலாக்கும். பழகாத கலையைச் செம்மையற்றது என்று தாழ்த்துவதைப் பற்றிப் பலரும் எச்சரிக்கிறார்கள். பழகாத கலை எதைக் கண்டாலும் வாய்பிளந்து முழு மதிப்பெண் போடுவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதுவும் அநீதிதான்: அந்த மரபில் தொடக்கநிலையில் இருப்பவரைத் தேர்ந்தவர் என்று சொல்லி அனுப்பினால், அந்த மரபைச் சேர்ந்தவர்கள் முன் அவர் தலைகுனிய நேரும். கலையறிந்தவர் அருகில் இருப்பது இந்த இரண்டுக்கும் மருந்து. இளைஞரின் மொழித் தடுமாற்றமும் மதிப்பெண்ணைத் தொடக் கூடாது. பேச்சுத்திறன் கூறுகளில் ஒன்றாக இல்லாதபோது அதை அளக்க நமக்கு வேலை இல்லை.

இறுதி உரையாடலில் பார்த்தவற்றிலிருந்தே கேளுங்கள். “அந்த இடத்தில் ஏன் நிறுத்தினீர்கள்?”, “இதே ஆட்டத்தைச் சிறு பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்றால் எங்கே தொடங்குவீர்கள்?” என்ற வகைக் கேள்விகள், செய்ததன் பின்னால் உள்ள அறிவை வெளிக்கொணரும். வரலாற்றுத் தேதிகளைக் கேட்டுச் சோதிக்க வேண்டாம்.

9. முடிவைத் தெரிவித்தல்

முடிவை நேரில், ஒவ்வொரு கூறாக, கண்டதைச் சொல்லித் தெரிவியுங்கள். “இன்னும் காட்டப்படவில்லை” என்று பதிவான கூறுகளுக்கு, எதைக் காட்டினால் போதும், எப்போது மறுபடி வரலாம் என்பதும் அதே சந்திப்பில் சொல்லப்பட வேண்டும். முடிவில் உடன்பாடு இல்லாவிட்டால் முறையிட வேறொரு மதிப்பீட்டாளரின் பெயரை முன்கூட்டியே வைத்திருங்கள்.

10. ஆவணம்

ஒரு பக்கத்துக்குள் அடங்கட்டும். தேர்வுக்குழுவினர் இரண்டாம் பக்கத்தைத் திருப்புவது அரிது. கலைஞரின் பெயர், ஏற்கப்பட்ட திறன் வாக்கியங்கள், ஒவ்வொன்றும் எந்த முறையில் மதிப்பிடப்பட்டது, மதிப்பீட்டாளர்கள் யார், அவர்களுக்குள்ள தகுதி என்ன, தேதி, சரிபார்க்கத் தொடர்புகொள்ளும் வழி ஆகியவை இருக்க வேண்டும். முறையைக் குறிப்பிடாத சான்றிதழ் பங்கேற்புச் சான்றிதழாகவே படிக்கப்படும். எந்த நாட்டிலிருந்து வந்தார், எந்தச் சமூகத்தவர் என்பவை ஆவணத்தில் இடம்பெற வேண்டியதில்லை. தகுதிச் சட்டகத்தின் நிலை எண்ணை, அதை வழங்க அதிகாரம் பெற்ற அமைப்பு முடிவு செய்தால் மட்டுமே எழுதுங்கள். நாமே “நான்காம் நிலைக்கு இணையானது” என்று போட்டுக்கொண்டால் முதல் சரிபார்ப்பிலேயே மொத்த ஆவணமும் நம்பிக்கை இழக்கும்.

ஓப்பன் பேட்ஜ் முறையிலான மின்னணுப் பட்டயத்தையும் (திறனைக் காட்டும், இணையத்தில் பகிரக்கூடிய சின்னம்) சேர்த்து வழங்கலாம். வழங்கியவர், நிபந்தனை, தேதி ஆகியவை பட்டயத்துக்குள்ளேயே பதிந்திருக்கும். சான்றின் இணைப்பையும் அதில் சேர்க்க முடியும் என்பதால், படிப்பவர் விரும்பினால் காணொளி வரை சென்று பார்க்கலாம். அந்த இணைப்புக்கும் மூன்றாம் படியில் தனி ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும்.

11. ஆவணம் கைமாறிய பிறகு

இளைஞர் தம் திறன் வாக்கியங்களைத் தாளைப் பாராமல், தம் சொற்களில் சொல்லப் பழக ஓர் அமர்வு ஒதுக்குங்கள். நேர்காணலில் “இதில் எழுதியிருப்பதன் பொருள் என்ன?” என்று கேட்கும்போது அவர் விழித்தால், எவ்வளவு கவனமாக எழுதிய ஆவணமும் வேறு யாரோ எழுதியது போல் தோன்றும்.

ஒப்புதலில் சொன்ன காலம் முடிந்ததும் மூலக் காணொளிகளை அழித்துவிட்டு, அழித்ததை அவருக்குத் தெரிவியுங்கள். மதிப்பீட்டுக் குறிப்புகளையும் இறுதி ஆவணத்தின் நகலையும் மட்டும், யாரேனும் சரிபார்க்கக் கேட்டால் எடுத்துத் தருவதற்காக அவர் அனுமதியோடு வைத்திருக்கலாம்.

சில மாதங்கள் கழித்து, முதல் படியில் பேசிய நிறுவனத்தாரிடம் ஆவணம் எப்படிப் பயன்பட்டது என்று கேளுங்கள். எந்த வரியைப் படித்தார்கள், எது புரியவில்லை, எதைக் கூடுதலாகக் கேட்டார்கள் என்று தெரிந்தால் அடுத்த குழுவுக்கான படிவத்தை அதற்கேற்ப மாற்றலாம். ஏற்க மறுத்திருந்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சான்று போதவில்லை என்பது காரணமானால் ஆறாம் படியையும், கூறுகள் பொருந்தவில்லை என்பது காரணமானால் ஏழாம் படியையும் மட்டும் மறுபடி செய்தால் போதும், உரையாடலை முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.